சிவப்புப் புள்ளி வைத்த கார்டு

என் உயிர் மச்சான் ஏகாம்பரம்,

உன் நினைவு நாளுக்கு ஒரு சின்ன மலர் புத்தகம் அச்சுப் போடுகிறார்கள். நம் போல்ட் கம்பெனி ஆட்களில் மிச்சம் இருப்பவர்கள், உன் சொந்தக்காரர்கள், பருத்திப்பட்டில் நம் தெருக்காரர்கள் எல்லோர் கைக்கும் போகுமாம். "மாமா, நைனாவப் பத்தி நீங்க நாலு வார்த்தை சொல்லுங்க, நான் அடிச்சிக்கிறேன்" என்று உன் மகள் பவானி செல்போனோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். கை நடுங்குது என்று சொல்லித்தான் அவளை எழுத வைத்தேன். என் கை நடுங்கவில்லை என்பது உனக்குத் தெரியும்.

உன்னைப் பற்றி நல்லதாக நாலு சொல்லத்தான் வந்தேன். ஆனால் போன வாரம் நடந்த ஒன்று தொண்டையில் நிற்கிறது. அதை இறக்கி வைக்காமல் உன் பேரை எடுக்க வாய் வரவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில், நம் கம்பெனி இருந்த வரிசையிலேயே இப்போது கண்ணாடிக் கட்டடமாக நிற்கிறதே, அங்கேதான் பவானிக்கு வேலை. வெளிநாட்டு டாக்டர்கள் எழுதுவதெல்லாம் கம்ப்யூட்டரில் வருமாம். இது தலைப்பு, இது எழுதியவர் பேர், இது மருந்து, இது அளவு என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி போடுவார்களாம். இன்னா வேலைம்மா இது என்று கேட்டதற்கு, "மெஷினுக்கு அர்த்தம் தெரியாது மாமா. குறி இன்னா சொல்லுதோ அதத்தான் நம்பும்" என்றாள்.

அந்தக் குறி வேலை செய்கிறவர்கள் எல்லோருமாகக் கூடி, போன வாரம் அங்கேயே ஒரு மாநாடு போட்டார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள், பேங்க்காரர்கள், புத்தகம் போடுகிறவர்கள், ஏரோப்ளேன் ரிப்பேர் பார்க்கிறவர்கள் கூட வந்திருந்தார்கள். அவரவர் தொழிலில் அது எப்படி உதவுகிறது என்று மேடையேறிச் சொல்ல வேண்டும். ரெண்டு நாள் கூட்டம். முதல் நாளே நம் பவானிக்கும் பேச்சு. "நைனா இல்ல, அவரு எடத்துல நீங்க வந்து குந்தணும்" என்றாள். மறுக்க முடியுமா? வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டிக்கொண்டு, ஆவடியில் ரயிலேறிப் பட்டரவாக்கத்தில் இறங்கிப் போனேன்.

வாசலில் ஒரு மேசை. அதன் மேல் கழுத்தில் மாட்டும் கார்டுகள் வரிசையாகக் கிடந்தன. பின்னால் ஒரு சின்னப் பெண், கல்லூரி முடித்த வயசு. கூட்டத்தைச் சமாளித்துக்கொண்டே, "உங்க பேர் பாத்து எடுத்துக்கோங்க ஐயா" என்றாள். பேர் பார்த்து! நான் எங்கே பார்ப்பது?

இந்த இடத்தில் பவானியின் விரல் நின்றுவிட்டது. "கண்ணாடி எடுத்துகினு போவலயா மாமா?" என்கிறாள். கண்ணாடி போட்டாலும் அதே கதைதான் தாயீ. உன் மாமனுக்கு எழுத்து தெரியாது. தமிழும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது. சம்பளத்துக்குப் போட்ட கையெழுத்துகூட உன் நைனா சொல்லிக்கொடுத்த படம்தான். எழுதும்மா, நிறுத்தாதே.

மச்சான், அன்றைக்கும் நான் பழக்கதோஷத்தில், நீ எப்போதும் நிற்கிற இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். நீ இல்லை. மறுபடி மேசையைப் பார்த்தால், ஒரு கார்டின் மூலையில் சிவப்புப் புள்ளி. யோசிக்கவே இல்லை, கை தானாகப் போய் எடுத்துவிட்டது.

உனக்கு நான் சொல்ல வேண்டுமா? கம்பெனி கேட்டில் டைம் கார்டு செருகும் பலகையில் என் கார்டு எது என்று தெரியாமல் நான் முழித்ததை, சேர்ந்த புதிதிலேயே கண்டுபிடித்தவன் நீ. ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் என் கார்டு மூலையில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. நீ இன்ஸ்பெக்‌ஷனில் ஓட்டைப் பீசுக்கு வைக்கிற பெயிண்ட்.

"ஏன்டா, ரிஜெக்ட் பெயிண்ட்டையா என் கார்டுல வெச்ச?" என்று சண்டைக்கு வந்தேன்.

"நீ ரிஜெக்ட் பீசுதான் மாமே. ஆனா உன்ன ஸ்கிராப்புக்கு அனுப்ப மாட்டேன், பயப்படாத" என்று சிரித்தாய். கம்பெனி மூடுகிற வரைக்கும், கார்டு மாறும்போதெல்லாம் அந்தப் பொட்டு தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. 

"மாமா, அது நைனா கார்டு இல்லியா?" என்கிறாள் பவானி. பொறும்மா, அதற்குத்தான் வருகிறேன்.

அந்தப் புள்ளி, மேடையில் பேச வந்த பெரிய மனிதர்களுக்கு வைத்த அடையாளமாம். எனக்கு எப்படித் தெரியும்? மாட்டிக்கொண்டு உள்ளே போனதும் ஒரு பையன் குனிந்து கும்பிட்டு முன்வரிசை சோபாவில் உட்கார வைத்தான். பவானி சொல்லி வைத்திருக்கிறாள் போல என்று நெஞ்சு நிமிர்ந்தது. பக்கத்து ஆள் என் கார்டைப் படித்துவிட்டு இங்கிலீசில் என்னவோ சொல்லிக் கை கொடுத்தார். நானும் தலையாட்டினேன்.

தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோதுதான் சத்தம் கேட்டது. டை கட்டிய ஒருவர் மேசைப் பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வெளியூர் டாக்டர் பெட்டியோடு நின்றார்.

"டாக்டரோட சிவப்புப் புள்ளி கார்டு எங்கம்மா?"

"இங்கதான் சார் இருந்துச்சு. நான் யாருக்கும் குடுக்கல சார்."

"குடுக்காம அதுக்கு காலு மொளச்சுதா? நாளைக்கு நீ வர வேணாம், வேற பொண்ண அனுப்பச் சொல்றேன்."

அவள் அழுகையை அடக்கியதில் கழுத்து நரம்பு புடைத்தது. நான் எத்தனை அடி தள்ளி நின்றேன்? கூப்பிட்டால் கேட்கும் தூரம். "நான்தாம்மா எடுத்தேன், எனக்குப் படிக்கத் தெரியாது" என்று சொன்னால் முடிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கார்டைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு பின்வரிசைக்குப் போய்விட்டேன். வழியில் பவானி பார்த்து, "உங்க கார்டு மேசையிலயே கெடக்குதே மாமா" என்றாள். "கழுத்துல மாட்னா அரிக்குதும்மா" என்றேன்.

பிறகு உன் மகள் மேடையேறினாள். நான் இருக்கிறேன் என்றே பாதித் தமிழில் பேசினாள். ஆயுத பூஜைக்கு நீ அவளைக் கம்பெனிக்குள் கூட்டி வந்தாய் அல்லவா? கார்டுப் பலகையில் சிவப்புப் பொட்டைப் பார்த்து இது யாருது நைனா என்று கேட்டாளாம். "என்னோடதுதான். எனக்கு மங்கல் கண்ணு, அதான் பொட்டு வெச்சிக்கினேன்" என்றாயாம். "நான் பார்த்த முதல் குறி அதுதான். இன்றைக்கு நான் செய்கிற வேலை எங்கப்பா கார்டில் ஆரம்பித்தது" என்றாள். சபை கைதட்டியது.

மங்கல் கண்ணா மச்சான்? உனக்கா? தலைமுடி கனத்தில் இருக்கும் விரிசலைக் கண்ணாலேயே பிடித்து, மேஸ்திரியோடு சண்டை போட்டு ஒரு லாட் சரக்கையே திருப்பி அனுப்பியவனுக்கா? அந்தச் சின்னக் குழந்தையிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்காமல் என் குருட்டை உன் தலையில் போட்டுக்கொண்டாயே. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவும் இல்லையே.

அதோடு விட்டதா? "எங்கப்பாவோட சிநேகிதர் இங்கதான் இருக்கார். கேட்டுப் பாருங்க, உண்மைதானே மாமா?" என்று கேட்டாள். எல்லோரும் திரும்பினார்கள். சட்டைப்பையில் களவாடிய புள்ளியோடு எழுந்து நின்று, ஆமாம் என்று தலையாட்டினேன். உன்னைக் குருடன் என்று ஊரறியச் சாட்சி சொன்னேன் மச்சான். அதற்கும் கைதட்டினார்கள்.

பவானி இப்போது அடிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா, இது மலர்ல வர வேணாம். எல்லாரும் படிப்பாங்க. நமக்குள்ளயே இருக்கட்டும்" என்கிறாள். 

"போடும்மா. உங்க நைனா கண்ணு நல்ல கண்ணுன்னு போடு. பொட்டு என்னுதுன்னு போடு."

"உங்கள கிண்டல் பண்ணுவாங்க மாமா."

"பண்ணட்டும். இத்தினி நாளு அவன் மேல இருந்துச்சே, இனிமே என் மேல இருக்கட்டும்."

கீழே வைத்த செல்போனைக் கையில் எடுத்தாள். அப்புறம் அடிக்க ஆரம்பித்தாள். அடிக்கிறாள் என்று நம்புகிறேன். முடித்ததும் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

மேசைப் பெண் திருவேற்காட்டில் இருந்து வருகிறவளாம், பவானி இப்போதே போன் போட்டு விசாரித்துவிட்டாள். நாளைக் காலையில் நாங்கள் இரண்டு பேரும் போகிறோம். முதலில் அவள் வீடு, பிறகு அந்த டை கட்டியவர். கார்டை அவர் மேசையில் வைத்து, எடுத்தது நான் என்றும், ஏன் எடுத்தேன் என்றும் என் வாயால் சொல்கிறேன். பவானியைப் பேச விட மாட்டேன். அந்தப் பெண் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டால் அதையும் வாங்கிக்கொண்டுதான் வருவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

கையெழுத்துப் படம் இன்றைக்குப் போட மாட்டேன். பவானியின் நகப்பூச்சை வாங்கி, அவள் அச்செடுத்து வரும் தாளின் மூலையில் நானே ஒரு பொட்டு வைக்கப்போகிறேன். மலரில் அது கறுப்பாகத்தான் அச்சாகுமாம். உன் கண்ணுக்குச் சிவப்பென்று தெரியும்.

நீ ஸ்கிராப்புக்கு அனுப்பாத
உன் மச்சான்,
தணிகாசலம்
●