ஸ்கான் அறை வாசலில் சொன்ன பொய்

அண்ணை,

பக்கத்து வீட்டில் காலையிலிருந்து சீமெந்து நிலத்தை உடைக்கிறார்கள். டக், டக் என்று கேட்கத் தொடங்கியதும் யன்னல்களைச் சாத்தினேன். அப்போதும் கேட்டது. எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே வாங்கில் குந்தியிருந்து, உள்ளே நீங்கள் அசையாமல் கிடக்கவேண்டுமே என்று மூச்சை அடக்கிக்கொண்டு நான் கேட்ட சத்தம் இதுதான்.

மூளைக்குள் இரத்தம் கசிந்து அப்போது ஆறு கிழமை. கொடிகாமத்தில் பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் சரிந்தீர்களாம்; பயணிகள் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் வலக்கை உயரவில்லை. ஆனாலும் தினமும் கேட்டது ஒன்றுதான்: "எப்ப பஸ் எடுக்கலாம்?"

படத்தைக் காட்டி டொக்டர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "இரத்தம் கரைஞ்சுகொண்டுதான் வருது. ஆனா மூளையிலை சேருற கழிவை வெளியிலை கொண்டுபோற நீரோட்டம் குறைஞ்சிருக்கு, கசியாத பக்கத்திலையும். இது புதுவிதமான படம். இதை மட்டும் வைச்சு முடிவு சொல்ல ஏலாது. ஆனா யோசனை, ஞாபகம் மந்தமாகலாம். பஸ் ஓடுறதை மறந்துவிடுங்கோ."

வெளியே வந்தேன். சக்கர நாற்காலியில் இருந்தபடி என் முகத்தையே பார்த்தீர்கள்.

"என்னவாம்?"

"இரத்தம் கரையுதாம், அண்ணை. கெதியாச் சரிவருமாம்."

"பஸ் ஓடலாமோ?"

"ஓம்."

அன்று பின்னேரம் உங்கள் கொண்டக்டர் பார்க்க வந்தார். "அடுத்த மாசம் வாறன்ரா" என்று உரக்கச் சொல்லிச் சிரித்தீர்கள். நான் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

சனிக்கிழமை காலை, தலை வெடிக்குது என்றீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே நினைவு தப்பியது. மறுபடியும் கசிந்திருந்தது. பிறகு நீங்கள் கண் திறக்கவேயில்லை.

நீங்கள் போய் எட்டாம் நாள், எட்டுச்செலவன்று, கொண்டக்டர் என்னருகில் வந்து இருந்தார்.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் தேத்தண்ணி போடப் போனியள். அப்ப அண்ணை சொன்னவர், 'தங்கச்சி பொய் சொல்லுறாள், முகத்திலை தெரியுது. நான் நம்பினமாதிரி இருக்கிறன். பாவம், அவள் கொஞ்சம் நித்திரை கொள்ளட்டும்' எண்டு."

நான் அந்தக் கிழமை முழுவதும் நித்திரை கொள்ளவில்லை, அண்ணை. நீங்களும் கொண்டிருக்கமாட்டீர்கள். அடுத்தடுத்த அறைகளில், ஒரே பயத்தோடு இருவரும் தனித்தனியே விழித்துக் கிடந்திருக்கிறோம். ஒருமுறை எழுந்து வந்து உங்கள் பக்கத்தில் இருந்திருக்கலாம். அதைத்தான் இன்னும் சுமக்கிறேன்.