உங்கம்மா நிறுத்திய இடத்திலிருந்து

பசுவந்தனை,
ஆவணி மாதம், 1998

அன்பு மகள் உமாதேவிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் வேளைக்குச் சாப்பிட்டு, ஆடுகளைப் பார்த்துக்கொண்டு, நடமாட்டமாக இருக்கிறேன். சுகம் என்று இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது. டெல்லியில் உனக்கு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்குக் கவலை. உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வந்த அன்றே படித்தேன், ஆனால் பதில் எழுத உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை, அதனால்தான் தாமதம். இங்கே இன்னும் மழை இல்லை, கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. செவலை ஆடு இரட்டைக் குட்டி போட்டது, ஒன்று தங்கவில்லை, மற்றது நன்றாகப் பால் குடிக்கிறது. பெரியப்பா கடம்பூர் போனவர் எனக்கும் போளி வாங்கி வந்தார், தின்றேன், இனிப்பாக இருக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான். இப்போதெல்லாம் எதுவும் அப்படித்தான் இருக்கிறது அம்மா. வெயில் அடிக்கிறது என்று தெரிகிறது, சுடுவது யாருக்கோ சுடுவதுபோல இருக்கிறது.

உன் கடிதத்தில், பைபிளைத் திறந்தால் எழுத்து மட்டும்தான் தெரிகிறது, உள்ளே ஒன்றும் போகவில்லை, அதனால் மூடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். தினமும் தவறாமல் படித்த அம்மா தலையில்தானே இடி விழுந்தது, படித்து என்ன கண்டோம் என்றும் கேட்டிருந்தாய். உன்னைச் சபைக்குத் தூக்கிப்போய் ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்கு வெளியே செருப்புக்குக் காவல் நின்றவன் நான். என்னிடம் இதைக் கேட்கிறாயே என்று முதலில் நினைத்தேன். பிறகு, இந்த நாலைந்து மாதமாக இங்கே நடந்ததையாவது உனக்கு எழுதுவோம், பதில் இருந்தால் அதற்குள் நீயே பார்த்துக்கொள் என்று எழுதுகிறேன்.

சித்திரையில் பருத்திக் காட்டில் இடி விழுந்து உங்கம்மா போனபோது நான் அழவில்லை. நீ ரயில் ஏறி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது, அதனால் நீ பார்த்திருக்க மாட்டாய். எல்லாரும் என்னைப் பிடித்து, அழுதுரு வெயிலுமுத்து, அழுதுரு என்றார்கள். சவப்பெட்டியில் அடித்த ஆணி ஒன்று வளைந்திருந்ததையே நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உன்னைக் கோவில்பட்டியில் ரயில் ஏற்றிவிட்டு வந்த மறுநாள் விடியற்காலம் எழுந்து ஆட்டில் பால் கறக்க உட்கார்ந்தேன். வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. அடுப்பை மூட்டிவிட்டு உங்கம்மா வரிக்கு வரி விரல் வைத்து, எழுத்துக்கூட்டி, சத்தமாகப் படிப்பாளே, அது இல்லை. அத்தனை வருஷமும் அதை நான் காது கொடுத்துக் கேட்டதில்லை, ஆனால் அது இல்லாமல் எனக்குக் கறக்க வரவில்லை, ஆடும் நிற்காமல் துள்ளியது. எழுந்து உள்ளே போய் அவள் புத்தகத்தை எடுத்தேன். அவள் நிறுத்திய இடத்தில் ஒரு காலண்டர் தாள் இருந்தது. அங்கே இருந்து நான் சத்தமாகப் படித்தேன். பக்தியினால் இல்லை, வீட்டில் சத்தம் வேண்டும் என்றுதான் படித்தேன்.

அதுவும் என்ன இடம் தெரியுமா, ஒரு கூடாரம் கட்டுகிற கணக்கு. இத்தனை முழம் நீளம், இத்தனை முழம் அகலம், இத்தனை கொக்கி என்று போகிறது. நடுவில் ஆட்டு மயிரில் நெய்த திரை என்று வந்த இடத்தில், நம் தொழில் உள்ளே இருக்கிறதே என்று கொஞ்சம் நின்றேன். மற்றபடி ஒன்றும் தோன்றவில்லை. மறுநாளும் படித்தேன், அன்றைக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பலி, இரத்தம், கொழுப்பு, குஷ்டம் என்று அது பாட்டுக்குப் போயிற்று, நானும் பல் விளக்குவதுபோல அது பாட்டுக்குப் படித்தேன். சபை உபதேசியார் ஒருநாள் வந்து, அண்ணாச்சி, சங்கீதத்தில் ஆறுதலான இடமாக எடுத்துப் படிங்களேன் என்றார். இல்லை ஐயா, அவள் விட்ட வரிசையிலேயே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆறுதலான இடத்தைப் படித்தும் ஒன்றும் தோன்றாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம், அதை அவரிடம் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் உன் பெரியப்பா பரமசிவன் வந்து உட்கார்ந்தார். ஏலே வெயிலு, குலசாமியை விட்டுட்டுப் போனா அது சும்மா விடுமா, அத்தனை பேரு பருத்திக் காட்டுல நிக்கையில இவ தலையிலதான் விழணுமா, ஒரு கெடாயை வெட்டி மன்னிப்புக் கேட்டுரு, மிச்சம் இருக்கது ஒரு பொம்பளப்பிள்ள, அதாவது நல்லா இருக்கட்டும் என்றார். ஊரே அப்படித்தான் பேசுகிறது என்று எனக்கும் தெரியும். உன்னைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தேன், ஆனால் கோபம் வரவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு கெடா பார்க்கக் கயத்தாறுச் சந்தைக்குப் போனார். உண்மையைச் சொன்னால், யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் எங்கேயும் போயிருப்பேன், அப்படி இருந்தேன்.

ஆடி மாதக் காற்றில் எனக்குக் காய்ச்சல் வந்தது. பயப்படாதே, இப்போது சரியாகிவிட்டது. அன்று காலை எழுந்திரிக்க முடியவில்லை, படிக்கவும் இல்லை. நன்றாக வெயில் ஏறின பிறகு வாசலில் யாரோ நிற்கிற நிழல் தெரிந்தது. யாரென்று பார்த்தால் பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய். கடற்கரை இருக்கிறானே, அவன் பெண்டாட்டி, உங்கம்மாவோடு பருத்தி எடுக்கப் போகிறவள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் காட்டுப்பக்கமே போகவில்லை, யாரோடும் பேச்சும் இல்லை, கடற்கரை மட்டும் தீப்பெட்டி ஆபிஸ் வேலைக்குப் போய் வருகிறான். அப்படிப்பட்டவள் வந்து நின்று, அண்ணாச்சி, இன்னைக்கு என்ன சத்தத்தையே காணோம் என்றாள். என்ன சத்தம் என்று கேட்டேன். நீங்க படிக்கிற சத்தம்தான், தெனமும் சுவருக்கு அங்கன நின்னு கேக்குதேன், மயினி படிக்கையிலயும் கேப்பேன், இன்னைக்கு நீங்க படிக்கலையா, எனக்கு அடுப்பு மூட்டக் கை ஓடல என்றாள். உடம்புக்கு முடியவில்லை தாயி என்றேன். அவள் போய்க் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள். உமா, இதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், எனக்கே அன்றுதான் தெரியும்.

வானம் கறுத்ததும் எல்லாரும் மோட்டார் ரூமைப் பார்த்து ஓடினார்களாம். உங்கம்மாவும் ஆவுடைத்தாயும்தான் கடைசி. மயினி என் தோளப் பிடிச்சுத் தள்ளி, ஏட்டி நீ முன்னால ஓடு, நான் பருத்தி மேல சாக்கைப் போட்டுட்டு வாரேன்னு சொன்னாவ, நான் ஓடிட்டேன் அண்ணாச்சி, திரும்பிக்கூடப் பாக்கல, ரெண்டு பேருமாப் போட்டிருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும், இப்ப எல்லாரும் நீ மட்டும் எப்படிட்டி தப்பிச்சேன்னு கேக்குதாவ, நான் என்னத்தைச் சொல்ல என்றாள். சொல்லிவிட்டு அழவில்லை. என்னைப்போலத்தான், முகம் மரம்போல இருந்தது. ஊர் என்னைக் கேட்டதும் அவளைக் கேட்டதும் ஒரே கேள்விதான் என்று அப்போது எனக்குப் புரிந்தது. என்னிடம் அவள் ஏன் செத்தாள் என்றார்கள், இவளிடம் நீ ஏன் சாகவில்லை என்றார்கள். அவ சொன்னதைத்தான தாயி நீ செஞ்சே, ஓடுனதுதான் சரி என்றேன். அவள் நாளைக்குப் படிப்பீயளா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் உடம்பு தள்ளாடினாலும் எழுந்து உட்கார்ந்தேன். இப்போது ஒருத்தி கேட்கிறாள் என்று தெரிந்துவிட்டதே, கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. அன்றைக்கு வந்த பகுதியில் ஊர்ப்பேர் தவிர வேறு ஒன்றுமே இல்லை. அந்த ஜனங்கள் வனாந்தரத்தில் எங்கெங்கே தங்கினார்கள், எங்கேயிருந்து எங்கே போனார்கள் என்று ஒரே பட்டியல். வாயில் நுழையாத பேர்கள். ஆனால் எனக்கு அது அந்நியமாக இல்லை. சின்ன வயதில் நாங்கள் ஆட்டுக்கிடை போட்டுக்கொண்டு போவோமே, இந்தக் காட்டில் தங்கி, அடுத்த காட்டுக்குப் போய், அங்கேயிருந்து அடுத்தது என்று, அதேதான். படித்துக்கொண்டே போனேன். நடுவில் ஒரு இடத்தில், அங்கே அவர்களில் ஒரு பெரிய மனுஷன் செத்துப்போனான் என்று வருகிறது. செத்தபோது அவனுக்கு என்ன வயது என்று ஒரு வரி. வேறு ஒன்றும் இல்லை, ஏன் என்றும் இல்லை. கொஞ்சம் தள்ளி, அந்த மலையிலிருந்து புறப்பட்டு அடுத்த இடத்தில் தங்கினார்கள் என்று பட்டியல் மறுபடி ஆரம்பித்துவிடுகிறது. அந்த வரி கண்ணுக்குத் தெரிகிறது, வாய் திறக்க மாட்டேன் என்கிறது. செத்தவனை அங்கே விட்டுவிட்டு எப்படிப் புறப்பட்டார்கள் என்று இருந்தது எனக்கு. உங்கம்மாபோல அந்த வரியில் விரல் வைத்தேன், கண்ணீர் வந்துவிட்டது. சுவருக்கு அந்தப்பக்கமிருந்து ஆவுடைத்தாய் கேட்டாள், அண்ணாச்சி, அடுத்த ஊரு என்ன என்று. நான் மூக்கைச் சிந்திவிட்டு அடுத்த ஊரைப் படித்தேன். பிறகு அதற்கு அடுத்ததையும் படித்தேன். முடித்ததும் அவள் சொன்னாள், எங்க தங்குனாவன்னு ஒண்ணுகூட விடாம எழுதியிருக்கே, அப்பம் கூடவே ஒருத்தரு பாத்துக்கிட்டே நடந்து வந்திருக்கணும்லா என்று. எனக்கு அது தோன்றவே இல்லை. எழுத்து தெரியாதவளுக்குத் தோன்றியது என்று நான் அதிசயப்படவில்லை, காத்திருந்து கேட்டவளுக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் பெரியப்பாவிடம் போனேன். அண்ணே, கெடா வெட்டணும்னா நீங்க வெட்டுங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன், ஆனா அவ செத்தது தண்டனைன்னு என் வாயால சொல்லி மன்னிப்புக் கேட்டு நிக்க மாட்டேன், வேல செய்த இடத்துல செத்தா, அவ்வளவுதான் என்றேன். அவருக்கு ரொம்பக் கோபம். உன் மகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்கிட்ட வராதே என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தை என்னைத் தைக்காமல் இல்லை, அதனால்தான் உன் உடம்பைப் பற்றி மேலே அப்படி எழுதினேன். கொஞ்ச நாள் இந்தப்பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் ஒரு கட்டுச் சோளத்தட்டையைக் கொண்டுவந்து தொழுவில் போட்டுவிட்டு, என்னலே, ஆடெல்லாம் எலும்பாத் தெரியுது என்று சத்தம் போட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமை நான் சபைக்குப் போனால் ஆடுகளை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். கெடாப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆவுடைத்தாய் போன வாரம் மறுபடி காட்டுக்குப் போனாள். மேகம் கண்டால் உடனே வீட்டுக்கு வந்துவிடுகிறாள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

இப்போது எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. நிறைய நாள் இன்னும் மரத்துப்போய்த்தான் படிக்கிறேன். தோன்றுகிற நாள் குறைவு. தோன்றினால்தான் படிப்பேன் என்று உட்கார்ந்திருந்தால் அந்த ஒருநாள் எனக்கு வந்திருக்காது, அது மட்டும் தெரிகிறது. நீ பெட்டியிலிருந்து புத்தகத்தை எடு அம்மா. டியூட்டிக்குக் கிளம்புகிறதற்கு முன்னால், யாரோடும் பேசுகிறதற்கு முன்னால், கொஞ்சமாகப் படி. நிறையப் படித்துவிட்டு அடுத்த வாரம் விட்டுவிடாதே, கொஞ்சமாகப் படித்தால் போதும். படித்து முடித்ததும் உடனே எழுந்து ஓடாதே, மேய்ந்து வந்த ஆடு படுத்து அசைபோடுகிறதே, அப்படிச் சற்று இரு. அசைபோட ஒன்றும் இல்லாவிட்டாலும் இரு. அம்மா முகம்தான் வருகிறது என்றால் வரட்டும், அவளையும் பார்த்துக்கொண்டே படி. கோபம் இருந்தால் கோபத்தோடு படி. முடிந்தால் மெதுவாகவாவது சத்தம் விட்டுப் படி, ஹாஸ்டலில் உன் பக்கத்து அறையில் யார் என்ன பாரத்தோடு இருக்கிறார்களோ, நமக்குத் தெரியாது.

ஆடுகளை விற்றுவிட்டு டெல்லிக்கே வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். உனக்கு நல்ல மனசு. இப்போது வர முடியாது, காலையில் இங்கே ஒரு ஆள் காத்துக்கொண்டிருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வை, ரயில் டிக்கெட்டைக் கடைசி நேரத்துக்கு விடாதே. நைட் டியூட்டி முடிந்து வந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு, வெறும் டீயோடு படுக்காதே. குளிர் தொடங்குவதற்குள் ஸ்வெட்டர் ஒன்று நல்லதாக வாங்கிக்கொள். ஆவுடைத்தாய் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள், பெரியப்பாவும்தான். இதுவரை உனக்குக் கடிதம் எழுதியதெல்லாம் உங்கம்மா. அவள் முடிக்கிற விதமாக முடிக்க எனக்கு இன்னும் நா கூசுகிறது. இருந்தாலும் இந்த வார்த்தைக்கு வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை, எழுதிவிடுகிறேன். கர்த்தர் உன்னைக் காப்பாராக.

உன் அப்பா
வெயிலுமுத்து