போனில் யாரோ

சமபுலா, சுவா, பிஜித் தீவு
ஜூன் 2000

அன்புத் தங்கைக்கு,

காய்ச்சல் விட்டு மூன்று நாளாகிறது. டெங்குதான். ஆட்சியைக் கவிழ்த்ததிலிருந்து இங்கே ஊரடங்கு. காய்ச்சலில் கிடந்த பத்து நாளும் பக்கத்து வீட்டு பிரமிளாதான் என்னைப் பார்த்துக்கொண்டாள். "டீச்சர், கஞ்சி குடி. சாப்பிடாம கிடந்தா செத்துப்போவே" என்று, கோயிலில் கேட்டுப் பழகிய தமிழில் அதட்டுவாள். உன் அத்தானிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுப் போனிலிருந்துதான் உங்களைக் கூப்பிட்டேன். பாப்பா எடுத்தாள். அவள் குரலைக் கேட்டதும் அழுதுவிட்டேன். "அம்மா, போன்ல யாரோ அழறாங்க" என்று உன்னைக் கூப்பிட்டாள். நீ சிரித்துக்கொண்டே, "என்னைச் சித்தின்னு சொல்லுடி" என்றாய். அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது. போனை வைத்துவிட்டேன்.

பெற்ற மகளை ஒன்றரை வயதில் விட்டுவிட்டு வந்தவள் நான். கெஞ்சிக் கேட்டுத்தான் அவளைப் பார்த்துக்கொள்ள உன்னை என் வீட்டுக்கு வரவழைத்தேன். அவளுக்கு அம்மை போட்டபோது நீ தூங்காமல் கிடந்ததும் தெரியும். ஆனாலும் பிரமிளா எனக்குத் தலை வாரிவிடும்போதெல்லாம், நீ பாப்பாவுக்கு வாரிவிடுவதை நினைத்து உன்மேல் ஆத்திரப்பட்டேன்.

ஒப்பந்தத்தில் இன்னும் ஏழு மாதம் பாக்கி. வேலையை விடுவதாகப் பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி சென்னைக்கு வருகிறேன்.

விமான நிலையத்துக்கு நீ வராதே. கோபத்தில் சொல்லவில்லை. நீ வந்தால் அவள் உன் இடுப்பைவிட்டு இறங்க மாட்டாள். அத்தனை பேர் நடுவில் அதைப் பார்க்க என்னால் முடியாது.

உன் அக்கா