ஆழம் குறைந்த பக்கம்

யூலை 3, 2025 – வியாழன்

மரண அறிவித்தல்.

மன்னார் பேசாலையைப் பிறப்பிடமாகவும், பாரிஸ் லா ஷப்பலை வதிவிடமாகவும் கொண்ட திருவாளர் பூப்போட்ட அரைக்காற்சட்டை அவர்கள் இன்று பிற்பகல் பிசீன் வாசலில் அகால மரணமடைந்தார். அன்னார் நீக்கிலாஸின், அதாவது என், அன்புத் துணைவரும், காலஞ்சென்ற நீலத் துவாயின் ஆருயிர் நண்பரும் ஆவார். உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்.

நடந்தது இதுதான். இந்த நாட்டில் பிசீனுக்குள், அதுதான் நீச்சல் குளத்துக்குள், தொளதொள காற்சட்டையோடு இறங்கக் கூடாதாம். உடம்போடு ஒட்டிய குட்டிக் காற்சட்டையும், தலைக்கு றப்பர் தொப்பியும்தான் சட்டம். வாசலில் நின்ற மெசியூ என் பூக்களைப் பார்த்து விரலை ஆட்டினார். பக்கத்தில் ஒரு மெஷின். சொக்கிலேற் விழுகிற மாதிரி அதிலிருந்து ஒரு கறுப்புக் காற்சட்டை விழுந்தது. கைக்குட்டை அளவு. அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்த என்னைப் பார்த்துத் தனூஜன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“மச்சான், உன்ர மானம் எங்கை?”

“மெஷினுக்குள்ளை மாட்டுப்பட்டிட்டுது. மற்றப் பொத்தானை அமத்து.”

தனூஜன் இங்கேயே பிறந்தவன். தாய் பியட்றிஸ் அன்ரி தமிழில் கேட்டால் அவன் பிரெஞ்சில் பதில் சொல்வான். என்னோடு மட்டும்தான் தமிழ். கால் உடைந்த தமிழ், ஆனாலும் தமிழ். இரண்டு வருடத்துக்கு முன் நான் வந்து இறங்கியபோது பள்ளிக்கூடத்தில் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. அவன்தான் முதலில் வந்து, “நீ பகிடி விடுவியோ?” என்று கேட்டான். என்னிடம் கேட்கிற கேள்வியா அது!

இன்று நான் காட்டிய வித்தையை எழுதாமல் விட்டால் வரலாறு என்னை மன்னிக்காது. குளத்தின் ஆழம் குறைந்த பக்கத்தில் குறுக்கும் மறுக்குமாக நான் கை வீசிய வீச்சில், தனூவின் வகுப்பு றொஜரும் கஜானியும் கரையில் வாயைப் பிளந்துகொண்டு இருந்தார்கள். ஊரில் சுறாவோடு பந்தயம் விட்டவன் நான் என்று கஜானிக்குச் சொன்னேன்.

“சுறாவோ?”

“சின்னச் சுறா.” அடக்கம் முக்கியம்.

ஆழமான பக்கத்துக்கு வரச் சொன்னார்கள். அங்கே சனம் கூட, சுறாவுக்கு இடம் காணாது என்று சொல்லிவிட்டேன். தனூஜன் பிறந்தநாளுக்குக் கிடைத்த புது நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தவளை மாதிரித் தண்ணீருக்கு அடியிலேயே கிடந்தான்.

யூலை 4 – வெள்ளி

இரண்டு கால் பெருவிரலிலும் தோல் உரிந்து கிடக்கிறது. “நீந்தினனியோ, றோட்டிலை இழுபட்டனியோ?” என்று அம்மா கேட்டா. புதுச் சப்பாத்து என்றேன்.

யூலை 9 – புதன்

வெற்றி! தனூ வீட்டு லிப்டுக்குள் நாங்கள் ஒட்டிய அறிவித்தல்: “இந்த லிப்ட் இனிமேல் குரலுக்குத்தான் இயங்கும். மாடியைத் தெளிவாகச் சொல்லவும்.” எல்லாம் நல்ல பிரெஞ்சில், அழகான எழுத்தில். எழுத்து அவனுடையது, மூளை என்னுடையது. படிக்கட்டுக்குக் கீழே ஒளிந்திருந்தோம். முதலில் வந்தது பியட்றிஸ் அன்ரிதான். மரக்கறிப் பையை வைத்துவிட்டு, “த்ருவா!” என்றா. பிறகு, “த்ருவா, சில் வூ ப்ளே!” பிறகு, மரியாதை போதாதோ என்று நினைத்தா போலிருக்கிறது, “மூண்டு, ராசா, மூண்டு!”

தனூ என் தோளைக் கடித்துக்கொண்டு சிரித்தான். இன்னும் பல் அடையாளம் இருக்கிறது.

நாளைக்கும் ஒட்டுவோம் என்றேன். பின்னேரங்களில் இனி நூலகத்துக்குப் போகவேண்டும், கணக்கு சரியில்லை, அம்மா ஏசுகிறா என்றான். வக்கான்ஸ் லீவிலே கணக்கா? பாவம்.

யூலை 14 – திங்கள்

தேசிய தின வாணவேடிக்கை பார்க்கத் தனூவைக் கூப்பிட்டேன். தலையிடியாம். என் அப்பாவுக்கு றெஸ்ரோறண்டில் வேலை. நான் ஜன்னலால் சத்தத்தை மட்டும் கேட்டேன்.

யூலை 17 – வியாழன்

லிப்ட் அறிவித்தலைத் தனியாக எங்கள் கட்டிடத்தில் ஒட்டினேன். கீழ்வீட்டுக் கிழவர் நின்று “சேங்க்! சேங்க்!” என்று கத்தினார். நல்ல காட்சிதான். ஆனால் பக்கத்தில் தோளைக் கடிக்க ஆளில்லாவிட்டால் பகிடி, பகிடி மாதிரி இல்லை. கிழவருக்கு ஐந்தாம் மாடியை நானே அமத்திவிட்டு வந்தேன்.

யூலை 22 – செவ்வாய்

எழுதக் கை ஓடவில்லை.

வீட்டில் இருக்க ஏலாமல் ஸ்தாலின்கிராட் பக்கம் நடந்து, வில்லெத் கனால், அந்தப் பெரிய வாய்க்கால், கரையால் போனேன். கோடைக்குத் தண்ணீரில் மிதவைகள் போட்டு நீந்த விட்டிருக்கிறார்கள். வேலியில் சாய்ந்து நின்று சும்மா பார்த்தேன். ஒரு மஞ்சள் தொப்பி தண்ணீருக்குள் போய் வந்தது. திரும்பவும் போய் வந்தது. தவளை மாதிரி.

தவளை எல்லாம் ஒரே மாதிரித்தான் என்று மனதைத் தேற்றினேன். பிறகு தவளை கண்ணாடியைக் கழற்றியது.

றொஜர் பக்கத்தில். கஜானி மிதவையில் இருந்து காலால் தண்ணீர் அடித்தாள். தனூஜன் சிரித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற அதே சிரிப்பு, சுவர் மட்டும் இல்லை.

இதுதான் நூலகம். இதுதான் தலையிடி.

ஏன்டா? கேட்டிருந்தால் நான் வரமாட்டன் எண்டு சொல்லியிருப்பனோ? நான் வந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்? நான் கதைக்கிற தமிழ் வெக்கமா இருக்கோ? இல்லை, பிரெஞ்சில நான் விடுற பிழையோ? ஊரிலிருந்து வந்தவன் பகிடிக்கு மட்டும் காணும், வெளிய கூட்டிக்கொண்டு போகக் காணாது. அப்பிடித்தானே?

நான் கூப்பிடவில்லை. கை காட்டவுமில்லை. வேலிக் கம்பியின் சூடு முழங்கையில் இன்னும் இருக்கிறது.

நட்பு என்பது கானல் நீர் என்று யாராவது சொன்னால் நம்பாதே. கனால் நீர்.

யூலை 23 – புதன்

நீக்கிலாஸ். என் பெயரிலேயே ‘நீக்கு’ இருக்கிறது. தனூ அந்தப் பெயர் சொன்னபடியே செய்திருக்கிறான்.

யூலை 25 – வெள்ளி

இன்று நான் செய்தது என் வாழ்நாளின் மிகச் சிறந்த வேலை. கத்தியின்றி, இரத்தமின்றி.

பியட்றிஸ் அன்ரி ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு ரெலிபோன் கடையில் வேலை. சார்ஜர் வாங்கப் போகிற மாதிரிப் போனேன். முகத்தில் பூசைக்கு உதவுகிற பெடியனின் களை.

“அன்ரி, தனூவுக்கு இருமல் கிருமல் இல்லையோ? கனால் தண்ணி கூடாதாம், அம்மா சொன்னவ.”

“எந்தக் கனால்?”

“ஐயோ… உங்களுக்குத் தெரியாதோ? நான் ஒண்டும் சொல்லேல்லை.”

“அவன் பிபிலியோதெக்கிலை, லைப்ரரியிலை எல்லோ படிக்கிறான்!”

“ஓம் அன்ரி. நல்லாத் தோய்ஞ்சு படிக்கிறான்.”

அன்ரியின் முகம் மாறியதை விவரிக்கச் சொற்கள் இல்லை. “அந்தக் கனாலுக்குள்ளை பழைய சைக்கிளும் போத்திலும் எல்லோ கிடக்கு! அதுக்குள்ளையோ இறங்கினவன்?” என்று சார்ஜரை மேசையில் அடித்தா. சார்ஜருக்கு ஒன்றும் நடக்கவில்லை. மற்றவருக்கு நடக்கும்.

நீச்சல்காரனாம். நீசன்.

யூலை 27 – ஞாயிறு

பூசை முடிந்து கோவில் வாசலில் தனூஜன் என்னைப் பார்த்து நேரே வந்தான். போன் பறிபோய்விட்டது. ஓகஸ்ட் முழுக்க வில்லியே லே பெல்லில் மாமன் வீட்டில் இருந்து சின்னப் பிள்ளைகளைப் பார்க்கவேண்டுமாம். இதெல்லாம் அன்ரி என் அம்மாவுக்குச் சொன்னது. அவன் சொன்னது அல்ல.

நான் ஆயத்தமாக இருந்தேன். ‘நூலகம் எப்பிடி, ஈரமோ?’ என்று கேட்க வசனம்கூடத் தயார்.  அவன் பிரெஞ்சில், “லெஸ் தோம்பே,” என்றான். விட்டுவிடு. அவ்வளவுதான். மெத்ரோவில் காலை மிதித்த ஆளுக்குச் சொல்கிற மாதிரி.

இரண்டு வருடத்தில் என்னோடு அவன் பிரெஞ்சில் கதைத்தது இதுதான் முதல் தரம்.

நல்லது. எனக்கும் பிரெஞ்சு தெரியும்.

ஓகஸ்ட் 2 – சனி

ரூ லூயி-பிளாங்கில் றோல்ஸ் வாங்கிக்கொண்டு நின்றபோது றொஜர் வந்தான். ஓடலாமோ என்று யோசித்தேன். அவன் முதலில் கேட்டது:

“உன்ர காது இப்ப சுகமோ?”

“என்ன காது?”

“காதுக்குள்ளை வருத்தம், தண்ணி படக்கூடாது எண்டு டொக்டர் சொன்னவராமே. தனூ சொன்னவன்.”

“எப்ப சொன்னவன்?”

“கனாலுக்குப் போன முதல் நாளே. கஜானி விடேல்லை. சுறா எங்கை, சுறாவைக் கூட்டிக்கொண்டு வா, ஆழத்திலை நீந்திக் காட்டட்டும் எண்டு ஒரே கரைச்சல். அப்பத்தான் சொன்னவன். உன்னட்டை இதைப் பற்றிக் கேக்கவேண்டாம், நீ மனம் நொந்துபோவாய் எண்டும் சொன்னவன். பாவம், உனக்காண்டித் தானும் அரைவாசி நாள் வராமல் நிண்டவன்.”

என் காதில் எந்த வருத்தமும் இல்லை. ஏன் இப்படி ஒரு பொய்? என்னை விட்டுவிட்டுப் போகத்தான் சாட்டு என்று கோபம் வந்தது. றோல்ஸை ஒரு கடி கடித்தேன்.

அப்போது நினைவு வந்தது. கண்ணாடி. பிசீனில் அவன் போட்டிருந்த புதுக் கண்ணாடி.

மிச்ச றோல்ஸைக் கடதாசியில் சுற்றி வைத்துவிட்டேன். இதற்கு மேல் இன்று எழுத மாட்டேன்.

ஓகஸ்ட் 6 – புதன்

ரெலிபோன் கடைக்குத் திரும்பப் போனேன். இந்த முறை முகத்தில் எந்தக் களையும் இல்லை.

“அன்ரி, அண்டைக்கு நான் சொன்னது…”

“பொய்யோ?”

“இல்லை, உண்மைதான். அதுதான் பிழை. எரிச்சலிலை சொன்னனான்.”

அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தா. “உங்கள் ரெண்டு பேரையும் சேத்து அந்தக் கனாலுக்குள்ளை தள்ளவேணும்,” என்றா. பிறகு, “லிப்டிலை ஒட்டினதும் நீதானே?” ஓம் என்றேன். இன்று எல்லாவற்றுக்கும் ஓம்தான்.

அவனுக்கு மாமனின் போனுக்குச் செய்தி அனுப்பினேன். ‘மச்சான், மன்னிச்சுக்கொள்.’ வாசித்ததற்கான நீலச் சரி விழுந்தது. பதில் விழவில்லை.

ஓகஸ்ட் 13 – புதன்

இன்றும் இல்லை.

ஓகஸ்ட் 28 – வியாழன்

இனிச் சொல்லத்தான் வேண்டும். ஒருவரும் வாசிக்காத இந்தக் கொப்பிக்குக்கூட நான் பொய் சொல்லியிருக்கிறேன். அவ்வளவு பெரிய புளுகன்.

எனக்கு நீந்தத் தெரியாது.

பேசாலையில் பிறந்தால் நீந்துவான் என்று இங்கே எல்லாரும் நினைத்தார்கள். நான் மறுக்கவில்லை, சுறாவையும் சேர்த்துக்கொண்டேன். உண்மையில் அங்கே முழங்கால் நனைந்தாலே அம்மா கரையில் நின்று ஊரைக் கூட்டுவா. யூலை மூன்றாம் திகதி பிசீனில் நான் நீந்தவில்லை. நடந்தேன். தண்ணீர் நெஞ்சளவு. மேலே கை வீச்சு, கீழே கால் நடை. பெருவிரல் தோலைத் தின்றது சப்பாத்து அல்ல, குளத்துத் தரையின் ஓடு. கரையில் இருந்தவர்களுக்கு நான் சுறா. கண்ணாடி போட்டுக்கொண்டு அடியில் கிடந்தவனுக்கு, மன்னார் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடுகிறவன்.

அவன் பார்த்திருக்கிறான். சிரிக்க எவ்வளவு அருமையான சாமான்! நானாக இருந்தால் லிப்டில் ஒட்டியிருப்பேன். அவன் றொஜருக்குச் சொல்லவில்லை, கஜானிக்குச் சொல்லவில்லை, எனக்குக்கூடச் சொல்லவில்லை. ஆழத் தண்ணீர்ப் பக்கம் நான் போகாமல் இருக்க எனக்கொரு காது வருத்தம் செய்துதந்தான். நான் அவனை ஒரு சார்ஜர் வாங்குகிற நேரத்தில் காட்டிக்கொடுத்தேன்.

இரண்டு கிழமையாக அதே பிசீனில், அதே கைக்குட்டைக் காற்சட்டையோடு, நீந்தத் தெரியாதவர்களின் வகுப்புக்குப் போகிறேன். எல்லாருக்கும் ஆறு வயது, எனக்குப் பதினாறு. நுரைப் பலகையைப் பிடித்துக்கொண்டு காலை அடிக்கவேண்டும். பக்கத்தில் நீந்துகிற அக்‌ஷரா என்ற வாண்டு, “பயப்படாதேங்கோ அண்ணை, நானும் முதல் அழுதனான்,” என்று ஆறுதல் சொல்கிறாள். நான் இன்னும் அழவில்லை என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

இன்று வகுப்பு நடுவில் தலையைத் தூக்கினால், கரையில் மஞ்சள் தொப்பி. அம்மா அன்ரிக்குச் சொல்ல, அன்ரிதான் அவனை மாமன் வீட்டிலிருந்து முந்தியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கவேண்டும்.  சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டான், என் பக்கத்தில் இறங்கினான், அடியில் போய்விட்டான்.

நான் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் வாழ்க்கையிலேயே அடிக்காத அடி அடித்தேன். அவன் கன நேரம் கீழே இருந்தான். மேலே வந்து, மூக்கைத் துடைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.

“ஒரு கால்,” என்றான்.

தமிழில்.

“என்ன?”

“ஒரு கால் மேலை வந்திட்டுது. மற்றது இன்னும் நடக்குது.”

நான் வெற்றி வீரன் மாதிரித் தலையாட்டினேன். அவனுக்குச் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்: அந்த ஒரு காலும் வழுக்கித்தான் மேலே வந்தது.