ஷ்வார்ட்ஸ்பெர்க்குக்கு மேலே, முதல் மாடி

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே மழை. கழக்கூட்டத்தில் ஆபீஸ் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். செருப்பு இன்னும் காயவில்லை.

வேலை, போனிடம் கடைப் பெயர் சொல்லி வழி கேட்கிறவர்களின் குரல்களைக் கேட்பது. போனுக்குப் புரியாதவை எங்களுக்கு வரும். மூன்று, நான்கு விநாடித் துணுக்குகள். எந்தக் கடை என்று கண்டுபிடித்துக் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். மலையாளம் பக்கத்து சீட் ஷீபாவுக்கு, தமிழ் எனக்கு.

இன்று வந்தவை:
ஃபர்னிச்சர் கடை 'ஹ்யூகே'. ஹைக், ஹிக்கி. ஒரு பெரியவர் 'உய்யே'.
துணிக்கடை 'மெஸோன் ஷிக்'. நாலு பேர், நாலு விதம்.
ஒருவர் பெயரையே விட்டுவிட்டார். "அந்தப் பச்சைக் கண்ணாடி போட்ட கடை, தெரியும்லா ஒனக்கு?" போனிடம்தான்.

தனியாகச் சிரித்தேன். ஷீபா லீவு. இன்று நான் வாய் திறந்தது கண்டக்டரிடம் ஒரு தடவை, கான்டீனில் ஒரு தடவை.

ஜூன் 10, செவ்வாய்

சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் ஒரு துணுக்கு வந்தது.

"ஷ்வா… ஷ்வார்டு… எளவு, வாயில நொழையாத பேரா வச்சிருக்கானுவோ. கேக்குக் கடை. கெழக்கேகோட்டை."

அக்கா.

அவள் குரல்தான். கேட்டது ஷ்வார்ட்ஸ்பெர்க். என் வீட்டுக்கு நேர் கீழே. அவளுக்குச் சுகர். கேக் தின்ன நாகர்கோவிலிலிருந்து வரமாட்டாள்.

பேச்சு நின்று இரண்டு வருஷம். அம்மா படுத்திருந்தபோது என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆபீஸ், ஆபீஸ் என்று தள்ளிப்போட்டேன். பதினாறாம் நாள் எல்லார் முன்னாலும் அக்கா, "இனி எதுக்கு வந்தா?" என்றாள். என்னிடம் இல்லை, பந்தலைப் பார்த்து. இந்த வீட்டுக்கு மாறியபோது அத்தானுக்கு மட்டும் விலாசம் அனுப்பினேன், கடைப் பெயரையும் சேர்த்து.

ஒரு துணுக்கை மூன்று தடவைக்கு மேல் கேட்டால் காரணம் எழுத வேண்டும். ஒன்பது தடவை கேட்டேன். 'ஒலி தெளிவில்லை' என்று போட்டேன். இவ்வளவு தெளிவான குரல் இன்று வேறு வரவில்லை.

துணுக்கில் தேதி இருக்காது, எப்போது வந்தாள் என்று தெரியாது. யார் என்று தேடக் கூடாது, வெளியே சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 11, புதன்

எட்டு மாதமாக இந்தக் கடைக்கு மேலே குடியிருக்கிறேன். உள்ளே போனது இன்றுதான். ஒரு பன் வாங்கினேன். அப்புறம் கல்லாவில் இருந்த, படியில் பார்த்தால் சிரிக்கும் ரெம்யாவிடம், என்னைத் தேடி யாராவது வந்தார்களா என்று கேட்டேன்.

அக்கா வந்திருக்கிறாள். ஏப்ரலில், விஷுவுக்கு முந்தின வாரம். மேலே போன வேகத்தில் இறங்கி வந்தாளாம். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தாளாம். பையில் ஒரு தூக்குப்பாத்திரம். அதைத் திரும்பக் கொண்டுபோய்விட்டாள்.

"ஒரு மணிக்கூர் இவிட இருந்நு. சேச்சிகிட்ட சொல்லண்டாம்னு பறஞ்ஞு."

என்னிடம் சொல்ல வேண்டாம் என்றாளாம். அந்த ஒரு மணி நேரம் நான் யார் யாருடைய குரலையோ கேட்டுக்கொண்டு இருந்திருப்பேன்.

பன் நன்றாகவே இல்லை.

ஜூன் 12, வியாழன்

ஷீபா வந்தாள். முகம் என்ன இப்படி என்றாள். தூக்கமில்லை என்றேன்.

இன்று செய்ய வேண்டியவை: தோசை மாவு. குடையை ரிப்பேருக்குக் கொடுக்க. கேஸ் புக் பண்ண. அக்கா.

முதல் மூன்றும் முடிந்தது. நாலாவதற்குப் போனை எடுத்து எடுத்து வைத்தேன். நீ வந்தது தெரியும் என்றால், எப்படித் தெரியும் என்பாள். அதைச் சொன்னால் வேலை போகும். அதுவா காரணம்? இல்லை. அவள் எடுக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான்.

ஜூன் 13, வெள்ளி

லீவு சொல்லிவிட்டேன். மழை வெறித்திருந்தது. பத்து மணிக்கு அக்காவுக்குப் போன் அடித்தேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். "அக்கா" என்றேன். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"ஒன் வாசக் கதவுல பூட்டு துருப்பிடிச்சுக் கெடக்கு பிள்ளே. அத மாத்தப்பிடாதா?"

மாற்றுகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்றும் கேட்டுவிட்டேன். வா என்று சொல்லவில்லை. எத்தனை மணி வண்டி என்றாள்.