பனிமலைக்கு அனுப்பாத கோட்டு

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
டிசம்பர் 14

அன்பு மகன் கீர்த்திகனுக்கு,

இங்கே எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, வன்கூவரில் நீயும் அம்மாவும் அப்படியே சுகமாக இருக்க முருகன் துணை. தொலைபேசியில் கதைத்தால் என் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது, நீயும் "பேந்து எடுக்கிறன் அப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். நத்தார் பண்டிகை விடுமுறைக்கு அம்மாவைப் பனிச்சறுக்க விஸ்லர் மலைக்குக் கூட்டிப்போவதாகவும், அவருடைய குளிர்கோட்டையும் மற்ற உடுப்புகளையும் பார்சலில் அனுப்பும்படியும் செய்தி போட்டிருந்தாய். முழங்காலில் ஒப்பரேஷன் செய்த ஒருவருக்கு இந்த வயதில் இந்த ஆசை எங்கேயிருந்து வந்தது என்று கேட்க எனக்கு இடமில்லை. அம்மாவின் தம்பி, உன் மாமா றஜிந்தனும் வருகிறானாம். வரட்டும். என்னையும் ஒருதரம் கேட்டாய், லீவு இல்லை என்றேன், இரண்டாந்தரம் நீ கேட்கவில்லை.

அந்த மலைகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதே. நீ பிறக்க முன்னம், நான் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், றஜிந்தன் என்னை லோறன்ஷியன் பக்கம் ஒரு மலைக்குக் கூட்டிப்போனான். ஒன்றும் பழக்காமல், கம்பியில் தொங்கிக்கொண்டு மலை ஏறுகிற கதிரையில் தன்னோடு ஏற்றிவிட்டு, உச்சி வந்ததும் தான் குதித்துச் சறுக்கிப் போய்விட்டான். பௌதிகத்தில் பட்டம் பெற்று, உராய்வைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த நான், எழும்பப் பயந்து அப்படியே இருந்துவிட்டேன். கதிரை திரும்பி என்னைக் கீழே கொண்டுவந்தது. எதிரே மேலே போனவர்கள், சின்னப் பிள்ளைகள் உட்பட, ஒவ்வொருவராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். "எங்கடை அத்தான் பல்லக்கிலை இறங்கின ராசா" என்று அதற்குப் பிறகு எந்தப் பிறந்தநாள் வீட்டிலும் அவன் சொல்லாமல் விட்டதில்லை, அம்மாவும் சேர்ந்து சிரித்தார். அவன் வீட்டுப் படியை நான் மிதிப்பதில்லை. உன்னிடம் வெளிக்கிட முதல்நாள் அம்மா சொன்னார், "இஞ்சேருங்கோ, நீங்கள் இன்னும் அந்தக் கதிரையாலை இறங்கேல்லை" என்று.

ஆகையால் கவனமாகக் கேள். அந்தச் சறுக்குச் சப்பாத்து கல்லுக் கட்டியது போல இருக்கும், கணைக்கால் நோகும், ஆனாலும் இறுக்கித்தான் பூட்டவேண்டும். அம்மா குளிருக்குப் பயந்து இரண்டு சோடி காலுறை போடப் பார்ப்பார், விடாதே, ஒன்றுதான், இரண்டு போட்டால் இரத்தம் ஓடாமல் கால் விறைத்துவிடும். உள்ளே பருத்தி உடுப்பு வேண்டாம், வியர்வையில் ஊறிக் குளிரும். கழுத்துச் சால்வை தொங்கக்கூடாது, ஹெல்மெட் கட்டாயம், வெயில் இல்லையே என்று பார்க்காமல் முகத்துக்குக் கிறீம் பூசட்டும். முதல் நாள் கதிரைக்குக் கிட்டவும் போகவேண்டாம். அடிவாரத்தில் பாய் விரித்ததுபோல ஊர்ந்து மேலே போகிற பட்டி ஒன்று இருக்கும், அதில் ஏறிப் படிப்பிக்கிற ஒருவரிடம் பழகட்டும், உன் மாமாவிடம் அல்ல. விழப்போனால் பக்கவாட்டில் விழச்சொல், பின்னுக்குக் குந்தினால் முழங்கால் போய்விடும். கதிரையில் ஏறுகிற நாள் வந்தால், அங்கே நிற்பவர்களிடம் வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், கேட்டால் செய்வார்கள், அதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. இறங்குமிடத்தில் சறுக்குக்கட்டை நுனியைத் தூக்கிப் பிடித்து எழும்பி நின்றால் போதும், கதிரையே தள்ளிவிடும். நீ பக்கத்திலேயே நில். முன்னால் போய்விடாதே.

பார்சலில் உள்ளுடுப்பு, கையுறை, கம்பளிக் காலுறை, பிரஷர் குளிசை எல்லாம் வைத்திருக்கிறேன். கோட்டு இல்லை. வழியனுப்பப் போன அன்று இங்கே விமானநிலையத்தில் அம்மா கோட்டை என்னிடம் விட்டுவிட்டுச் சுவெற்றரோடு இறங்கி, "அங்கை மழைதானே, என்னத்துக்கு அந்தப் பொதி" என்றார். நானும் அப்போது யோசிக்கவில்லை. பிறகுதான் விளங்கியது, மொன்றியலில் இவ்வளவு காலம் இருந்தவர் குளிர்காலம் முடிய முன் திரும்பிவர நினைத்திருந்தால் கோட்டை விட்டுவிட்டுப் போகமாட்டார். நீ போட்ட டிக்கெட்டும் ஒருவழி. எப்ப வாறீர் என்று கேட்டதற்கு "பேந்து பாப்பம்" என்றுதான் சொன்னார். மேல்வீட்டுப் பத்திநாதர் தினமும் அதையே கேட்கிறார், அவரோடு கதைப்பதை நிறுத்திவிட்டேன். நேற்றுக் கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன். கோட்டுப் பையில் அவருடைய மெட்ரோ அட்டையும் இரண்டு இருமல் இனிப்பும் கிடந்தன. அனுப்பினால் அவர் அங்கேயே தங்க நானே வழிசெய்தது போலாகும், அனுப்பாவிட்டால் மலையில் அவருக்குக் குளிரும். என்ன செய்வதென்று தெரியாமல் அதைப் பழையபடி கதவடிக் கொழுவியில் மாட்டிவிட்டேன். அங்கே வாடகைக்குக் கொடுப்பார்கள், பாரமில்லாத, நல்ல சூடான ஒன்றாகப் பார்த்து எடுத்துக்கொடு. இது இங்கேயே இருக்கட்டும். வருகிற நாளைச் சொன்னால் விமானநிலைய உள்வாசலில் கோட்டோடு நிற்பேன். விமானம் ஏறிய பிறகு சொன்னாலும் போதும்.

நீங்கள் போகிற பாதையும் ஏறுகிற மலையும் நல்லபடி அமைந்து, ஒரு காயமும் இல்லாமல் வீடு சேர என் ஆசீர்வாதம். காலுறை ஒரு சோடிதான், மறவாதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
பேரின்பநாதன்

பி.கு.: அம்மா கோட்டைக் கேட்டால், பெட்டிக்குள் அடங்கவில்லையாம் என்று சொல்லிவிடு.