ரமணி அக்கா வாசித்த எண்கள்

19 மார்ச் 2024, செவ்வாய்

ஜனவரி, பிப்ரவரி விற்பனை வரிக் கணக்கை இன்று தொடங்கியாயிற்று. மாதக் கடைசிக்குள் கஸ்தாம் என்கிற சுங்கத்துறைக்குப் போய்ச் சேர வேண்டும். மாதக் கடைசி இந்தத் தடவை ஈஸ்டர் ஞாயிறு. கஸ்தாமுக்கு ஈஸ்டராவது ஒன்றாவது.

எங்கள் பீடோங் மரச்சாமான் தொழிற்சாலையில் இருக்கும் கணக்கு சிஸ்டம் இந்த வரி வருவதற்கு முன்பே வாங்கியது. வரி போட்ட சாமான், வரி விலக்குள்ள சாமான் எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டும். எக்செலில் பிரித்துப் போட்டால்தான் பாரத்தை நிரப்ப முடியும். நேராக இறக்கிப் பார்த்ததில் தேதிகள் எல்லாம் கலங்கிப்போய் வந்தன. அதனால் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு ரமணி அக்கா வாசிப்பார், நான் தட்டுவேன். பட்டறையிலிருந்து கொண்டுவந்த ரப்பர் மரச் சட்டம் ஒன்றை ரூலர் மாதிரித் தாளில் வரிசை வரிசையாக நகர்த்தியபடி, ஒவ்வொரு இலக்கமாகத் தமிழில் சொல்வார். சாமான் திரும்பி வந்து கிரெடிட் நோட் போட்டிருந்தால் எண்ணுக்கு முன்னால் "கழி" என்பார். தட்டி முடித்ததும் நான் "ஆச்சு" என்பேன். ஆறு வருஷமாக இந்தப் பாட்டுத்தான்.

இன்று முதலாளி வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, நல்ல மனிதர்தான், மலாயில் சிரித்துக்கொண்டே சொன்னார்: அடுத்த வருஷம் புது சிஸ்டம் வருகிறதாம், அப்புறம் கணக்குக்கு ஓர் ஆள் போதுமாம். எந்த ஆள் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன? யார் கையில் தப்பு குறைவோ அவர்.

அக்காவுக்கு அடுத்த வருஷம் அறுபது, ஓய்வு வயது. அதுவரைக்கும் எப்படியாவது ஓட்டிவிட வேண்டும் என்று பிடிவாதம். அவர் வீட்டுக்காரர் அழகேசன் அண்ணன் இனிப்பு நீர் நோய் வந்து லாரி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். எனக்காவது என் வீட்டுக்காரர் ஆர்தர் சம்பாதிக்கிறார்.

20 மார்ச்

கூட்டுத்தொகை இடித்தது. சிஸ்டத்தில் இருப்பதைவிட எக்செலில் சரியாகப் பத்தாயிரம் குறைவு. தேடினால், பதினான்காயிரம் சொச்சம் என்று இருந்த இன்வாய்ஸ் வெறும் நாலாயிரமாக விழுந்திருக்கிறது. என் காது நன்றாகத்தான் இருக்கிறது. அக்கா அந்த முதல் "ஒண்ணை"ச் சொல்லவேயில்லை.

அக்கா சுடுதண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் திருத்திவிட்டேன். திரும்பி வந்து திரையைப் பார்த்தவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா ஜென்னி, மொத தடவையே டேலி. கெழவின்னு நெனச்சியா லா?"

"சிங்கம் லா நீங்க" என்றேன்.

24 மார்ச், ஞாயிறு

குருத்து ஞாயிறு. கெடாவில் ஞாயிறு வேலை நாள், அதனால் நேற்று மாலைப் பூசைக்கே போய்வந்துவிட்டோம். குருத்தோலையை மேசை மேல் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

இன்று இரண்டு கிரெடிட் நோட்டுக்குக் "கழி" வரவில்லை. கழிக்க வேண்டியது கூடிவிட்டது. எண்ணுக்கு முன்னால் சின்னக் கோடு, பார்க்காமல் விட்டிருப்பார். கண்ணாடியை மாற்றுங்கள் அக்கா என்றேன். நோன்புப் பெருநாள் ராயா முடியட்டும் என்றார்.

ஆர்தரிடம் சொன்னேன். சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "அவங்க வீட்டுல சொல்லிடு லா. வேல போனா போகுது, ஆளு முக்கியம்" என்றார். ஆண்களுக்கு எல்லாம் லேசு. சொல்லிவிட்டு நாளைக்கு அக்கா முகத்தில் முழிக்கப் போவது நான்தானே.

28 மார்ச்

கணக்கை அனுப்பியாயிற்று. பெரிய வியாழன் பூசைக்கும் போயாயிற்று. இரண்டிலும் மனது ஒட்டவில்லை.

18 ஏப்ரல்

அக்காவுக்குப் புதுக் கண்ணாடி! மகள் யோகேஸ்வரி மெர்போக் பாலர் பள்ளியில் ஆசிரியை. ராயா விடுமுறையில் சுங்கைப்பட்டாணிக்குக் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்தாளாம். சிவப்புச் சட்டம் போட்ட கண்ணாடி. குமரி மாதிரி இருக்கிறீர்கள் என்று நான் கிண்டல் செய்ய, அழகேசன் அண்ணனும் அதையேதான் சொன்னாராம், ஆனால் கிண்டலாக இல்லையாம். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இனி எல்லாம் சரியாகிவிடும்.

21 மே, செவ்வாய்

சரியாகவில்லை.

மார்ச், ஏப்ரல் கணக்கு. பக்கத்துக்கு மூன்று, நான்கு தப்பு. ஆனால் எல்லாமே கண்டுபிடிக்க லேசான தப்பு. இரண்டாயிரம் இடிக்கும், பத்தாயிரம் இடிக்கும், முழு எண்ணாகவே இடிக்கும். நடுவில் இருக்கும் எண்ணோ கடைசி சென் காசோ ஒருநாளும் மாறவில்லை. போனால் தலை எண்தான் போகிறது. கடவுள் இரக்கம், தேடி அலைய வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் பகல் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்திவிடுகிறேன். முதலாளி கேட்டால் டேலி. அக்கா கேட்டால் டேலி.

23 மே

காலையில் மலாய் அம்மா மக்சிக் கடையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் இருவருக்கும் வாங்கி வந்தேன். அக்கா பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே அந்த மக்சிக்கைத் திட்ட ஆரம்பித்தார். காசு மட்டும் ஏறுதாம், முட்டையைக் காணோமாம்.

முட்டை இலையில்தான் இருந்தது. சோற்றுக்கு அந்தப் பக்கம், தொடப்படாமல். சம்பல் இருந்த பக்கத்துச் சோறு மட்டும் வழித்துச் சாப்பிடப்பட்டிருந்தது. விளையாடுகிறார் என்று நினைத்து, "இது என்ன, தலையணையா?" என்று முட்டையை எடுத்து நடுவில் வைத்தேன். அக்கா சிரிக்கவில்லை. முட்டையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நீ எடுத்து ஒளிச்சு வச்சுட்டு வெளையாடுறியா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது.

நான், ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

11 ஜூன், செவ்வாய்

அக்காவின் மோட்டார் சைக்கிளில் ஒரு பக்கத்துக் கண்ணாடி உடைந்து தொங்குகிறது. வீட்டு கேட்டில் உரசிவிட்டதாம், கேட் குறுகலாம். இருபது வருஷமாக அதே கேட்தானே அக்கா?

யோகேஸ்வரியின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றேன். கூப்பிட்டால் என்ன சொல்வேன்? உங்கள் அம்மாவுக்கு எண் தப்புகிறது என்றா? மகள் உடனே வேலையை விடச் சொல்வாள். முதலாளிக்குத் தெரியும். அறுபதுக்கு முன்னால் தானாக நின்ற மாதிரி ஆகிவிடும். யார் சொன்னது என்று அக்காவுக்குத் தெரியாதா? பக்கத்து நாற்காலியில் இருப்பவளைத் தவிர வேறு யார்? என்னைத் துரோகி என்று வையமாட்டார். பேசாமல் இருந்துவிடுவார். அதுதான் எனக்குத் தாங்காது.

கூப்பிடவில்லை. ஜூலையில் மே, ஜூன் கணக்கு முடியட்டும்.

14 ஜூலை, ஞாயிறு

அக்கா விழுந்துவிட்டார். காலை மோட்டாரில் வேலைக்கு வரும்போது, பீடோங் சிம்பாங் சந்திப்பில். இடது பக்கத்துச் சாலையிலிருந்து கார் வந்திருக்கிறது. பெரிய காடி, வெள்ளை நிறம், ஹார்ன் வேறு அடித்திருக்கிறான். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகப் போய் மோதினாராம். கால் எலும்பு முறிவு. தலையில் அடி.

யேசுவே. யேசுவே.

17 ஜூலை

கால் பிரச்சினையில்லையாம். தலையை ஸ்கேன் பண்ணியதில் வேறு ஒன்று தெரிந்திருக்கிறது. மூளையின் வலது பக்கத்தில் கட்டி. அடிபட்டதால் வந்ததல்ல, பல மாதமாக வளர்ந்துகொண்டிருந்ததாம். வலது மூளையில் இருந்தால் இடது பக்கம்தான் போகுமாம். கண் நன்றாக இருக்கும், ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாதாம். வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பேச்சு ஒழுங்கு, சமையல் ஒழுங்கு, கொஞ்சம் தலைவலி, அவ்வளவுதான் என்று அழகேசன் அண்ணன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றபடியே எனக்கு எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. பதினான்காயிரத்தின் ஒன்று. கழியின் கோடு. முட்டை. மோட்டார் கண்ணாடி. எல்லாம் இடது பக்கம். அடி முட்டாளே, எல்லாம் இடது பக்கம்! தலை எண்தான் போகிறது என்று நீயே எழுதினாயே, கண்டுபிடிக்க லேசு என்று சந்தோஷப்பட்டாயே.

வீட்டில் யாருக்குத் தெரியும்? வீட்டில் யார் அவரை எண் வாசிக்கச் சொன்னார்கள்? தெரிந்தது எனக்கு ஒருத்திக்குத்தான். நான் உட்கார்ந்து அந்தத் தப்புகளை அழித்துக்கொண்டிருந்தேன்.

18 ஜூலை

யோகேஸ்வரி கேட்டுவிட்டாள். ஆஸ்பத்திரி கேண்டீனில், மைலோவை ஆற்றிக்கொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டாள். டாக்டர் எப்போதிலிருந்து என்று கேட்கிறாராம்.

"ஆபிஸ்ல ஏதாச்சும் வித்தியாசமா தெரிஞ்சுச்சா ஆன்ட்டி?"

பொய் வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். சொல்லவில்லை. மார்ச்சிலிருந்து என்றேன். என்னென்ன தப்பு, எப்படித் திருத்தினேன், முட்டைக் கதை, அவள் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு நின்றது, எல்லாம் சொன்னேன். முதலாளி சொன்னதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதே அது எவ்வளவு சின்னக் காரணம் என்று எனக்கே தெரிந்தது.

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"ஒரே ஒரு வார்த்த ஆன்ட்டி. ஒரு மெசேஜ். அப்பவே கூட்டிட்டுப் போயிருப்பேன்ல?"

மைலோவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

29 ஜூலை, திங்கள்

மே, ஜூன் கணக்கைத் தனியாகச் செய்தேன். இடது கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் தட்டுவது சரியாக வரவில்லை. வாய்விட்டு நானே வாசித்தேன், கழி உட்பட. முதலாளி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

முதல் தடவையே டேலி.

15 ஆகஸ்ட், வியாழன்

ஆபரேஷனில் கட்டியை முழுவதும் எடுக்க முடியவில்லையாம். ரொம்பப் பரவிவிட்டதாம். முன்னாலேயே வந்திருந்தால் என்று அழகேசன் அண்ணன் கேட்டதற்கு டாக்டர், ஒருவேளை என்றாராம். அந்த ஒருவேளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மாதாவின் திருநாள் பூசை முடிந்து நேராக அக்காவைப் பார்க்கப் போனேன். யோகேஸ்வரி என்னைக் கண்டதும் வெளியே போய்விட்டாள். ஜன்னலோரம் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, அக்கா கையைப் பிடித்தேன். அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு அழகேசன் அண்ணனிடம், "ஜென்னி வரலையா இன்னிக்கு?" என்று கேட்டார்.

என் கைக்குள் அவர் கை. அவருக்கு நான் இல்லை.

அண்ணன்தான் சொன்னார், இந்தப் பக்கம் வாம்மா, வலது பக்கம் வந்தாத்தான் தெரியும் என்று. கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனேன். உடனே முகம் மலர்ந்தது. எப்ப வந்த என்றார். இப்பத்தான் என்றேன்.

அண்ணன் தேத்தண்ணி வாங்கப் போனதும் மெதுவாகச் சொன்னார்.

"நீதானே எல்லாத்தையும் திருத்துன?"

நான் போர்வையை இழுத்துவிட்டேன்.

"எனக்குத் தெரியும் ஜென்னி. மொத தடவ தெரியல. அப்புறம் தெரிஞ்சுச்சு. நீ கேக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே கெடந்தேன். நீயும் கேக்கல."

அழுதுவிட்டேன். அக்கா அழவில்லை. அவள் கோபப்படுவாள், நீ வராமல் இருந்துவிடாதே என்று மட்டும் சொன்னார். மகளைத்தான் சொன்னார்.

26 செப்டம்பர்

ஜூலை, ஆகஸ்ட் கணக்கு அனுப்பியாயிற்று. புது சிஸ்டம் இந்த மாதமே வந்துவிட்டது, ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லாம் பிரிந்து வருகிறது. வாசிக்க ஒன்றுமில்லை. மரச் சட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அக்கா இப்போது பேசுவதில்லை. வலது பக்கம் உட்கார்ந்தால் விரலை மட்டும் அசைக்கிறார்.

8 அக்டோபர், செவ்வாய்

நேற்று விடிகாலை ரமணி அக்கா போய்விட்டார். இன்று பகல் எடுத்தார்கள்.

வீடு கொள்ளாத கூட்டம். முதலாளி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து வெளியே கூடாரத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஹாலில் பெட்டியைச் சுவரை ஒட்டி வைத்திருந்தார்கள். அக்காவின் வலது பக்கம் சுவர். வருகிறவர்கள் எல்லாரும் இடது பக்கமாக வரிசையாக வந்து, பார்த்து, பூப்போட்டு, அழுது, நகர்ந்துகொண்டிருந்தார்கள். என் முறை வந்தது. சிவப்புக் கண்ணாடியைப் போட்டுவிட்டிருந்தார்கள்.

எனக்குப் பூப்போட முடியவில்லை. அந்த இடத்தில் நின்று எப்படிப் போடுவேன்? பைத்தியக்காரத்தனம்தான், தெரிகிறது. இனிமேல் அவருக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். ஆனாலும் கால் நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ஆர்தர் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த யோகேஸ்வரி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஜூலையிலிருந்து இன்றுதான் நேராகப் பார்க்கிறாள். பிறகு சுவரைப் பார்த்தாள். எழுந்து போய் ஆண்களிடம் சொன்னாள்.

"பெட்டிய கொஞ்சம் இந்தாண்ட இழுங்க. ஆன்ட்டி அந்தப் பக்கம் நிக்கணும்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அழகேசன் அண்ணனுக்குப் புரிந்தது. அவரே வந்து ஒரு முனையைப் பிடித்தார். ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இடம் விட்டார்கள்.

சுவரில் முதுகு உரச உள்ளே போய், அக்காவின் வலது பக்கம் நின்றேன். பூவைப் போட்டேன்.

"ஆச்சுக்கா" என்றேன்.